உஷார்! காரின் கரிப்பெட்டியைக் கழற்றி எறிய விடாதீர்கள்

வெள்ளத்தில் நனைந்த காரைத் திருத்தி எடுத்து வந்த மூன்றாம் நாள் இரவு, எங்கள் சமையலறைக்குள் பெற்றோல் நெடி. சரிவில் கட்டிய வீடு. கார் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு படி இறங்கினால் சமையலறை. நடுவே ஒரு கதவு, அதன் அடியில் இரண்டு விரல் இடைவெளி. அம்மா காஸ் அடுப்பைப் பற்றவைக்க லைட்டரைக் கையில் எடுத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் அது கீழே விழுந்தது. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

விடிந்ததும் காருக்கு அடியில் பார்த்தேன். டேங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கறுப்புப் பெட்டியைக் காணோம். என்ஜினுக்குப் போகும் குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருந்தார்கள். டேங்கிலிருந்து வரும் குழாய் வாயைத் திறந்தபடி தொங்கியது. கராஜில் கேட்டால், "மண் அடைச்சிருந்திச்சு சேர், அது தேவையில்லாத சாமான்" என்கிறார்கள்.

அது தேவையில்லாத சாமானே இல்லை. டேங்கில் எழும் பெற்றோல் ஆவியைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. உள்ளே இருப்பது பதப்படுத்திய கரி. நம் நாட்டில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்து ஏற்றுமதியாகும் கரியின் இனம். என்ஜின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து, பிடித்த ஆவியை இழுத்து எரித்துவிடும். பெட்டியைக் கழற்றினால் கார் சும்மா நிற்கும்போதும் ஆவி வெளியே வந்துகொண்டேயிருக்கும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். காற்றில் ஒன்றரை வீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். தீப்பிடிக்காவிட்டாலும் அந்த நெடியில் பென்சீன் இருக்கிறது; புற்றுநோய் தரும் நஞ்சு அது. பிள்ளைகள் தூங்கும் வீடு!

கம்பளைக்காரர்களுக்கு இதை நான் பதறிச் சொல்லக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மகாவலி பெருகி ஊருக்குள் வந்தது. நனைந்த கார்களில் ஒயில், சீட், வயர் எல்லாம் பார்த்தோம். காற்றுக்குழாய் வழியே சேற்றுநீர் புகுந்த இந்தப் பெட்டியை யார் பார்த்தார்கள்? அதோடு 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகளையே இழுத்துப் பிடித்து ஓட்டுகிறோம். கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போனால் சுமார் 1,300 மீட்டர் ஏற வேண்டும். ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், டேங்கில் ஆவி கூடும். பெட்டி இல்லாத காரில் அவ்வளவும் வெளியேதான்.

புகைப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அங்கே பார்ப்பது சைலன்சர் புகையை. டேங்கின் ஆவியை அல்ல.

செட்டில் பெற்றோல் அடிக்கும்போது பம்ப் அடிக்கடி தானாக நிற்கிறதா? நிரப்பிய உடனே ஸ்டார்ட் எடுக்க மறுக்கிறதா? பெட்டியோ அதன் வால்வோ கெட்டிருக்கலாம், பாருங்கள். கரிப்பெட்டியைக் கெடுப்பதில் நமக்கும் பங்குண்டு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூவில் காய்ந்த பழக்கம், பம்ப் நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று விளிம்புவரை அடிக்கிறோம். திரவப் பெற்றோல் பெட்டிக்குள் இறங்கினால் கரி ஊறிக் கெடும். பம்ப் ஒருமுறை நின்றால் போதும், மூடியைப் போடுங்கள்.

பெட்டியை மாற்றும்போது மெக்கானிக்கின் பக்கத்திலேயே நில்லுங்கள். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கும்போது, என்ஜின் ஆறிய பிறகு, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பெற்றோல் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடட்டும். வேலை வெட்டவெளியில் நடக்க வேண்டும். கராஜ் குழிக்குள் கூடவே கூடாது, ஆவி நிறைவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வயர் பல்ப் வேண்டாம், எல்இடி டார்ச் போதும். டேங்குக்கு, என்ஜினுக்கு, வெளிக்காற்றுக்கு என்று மூன்று குழாய்கள் வரும். கழற்றுமுன் அடையாளம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெடித்த குழாயையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய பெட்டியைக் கழுவிக் காயவைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சேறு புகுந்த கரி மீளாது. பாவித்த பெட்டி வாங்கினால் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பினாலும் கரித்துகள் கொட்டினாலும் திருப்பிக் கொடுங்கள்.

கழற்றிய பெட்டியைத் தோட்டத்துக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். அதற்குள் இன்னும் பெற்றோல் இருக்கிறது.