பம்பை நிறுத்தியது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்களில் தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் புழங்குகின்றன. வெளிநாட்டு எஞ்சினியர் வந்துவிட்டால் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறும். அங்கே ஓர் ஆபரேட்டர், 'ஐ டிட்ன்ட் ஸ்விட்ச் ஆஃப் த பம்ப்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஐ'யை அழுத்தினால், பம்பை நிறுத்தியவர் வேறு ஆள். 'பம்ப்'பை அழுத்தினால், அவர் நிறுத்தியது வேறு எதையோ. 'டிட்ன்ட்'டை அழுத்தினால், குற்றச்சாட்டையே மறுக்கிறார். எழுத்தில் மூன்றும் ஒரே வாக்கியம்.

அழுத்தம் என்றதும் உரக்கச் சொல்வது என்றே பலர் நினைக்கிறார்கள். சத்தத்தைவிடச் சுருதிதான் முக்கியம். அழுத்தும் சொல்லில் குரல் சட்டென்று ஏறி இறங்கும், உயிரொலி நீளும், பின்னால் வரும் சொற்கள் தட்டையாகத் தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்வு இல்லாவிட்டால் ஏற்றமும் எடுபடாது.

தமிழில் இந்த வேலையைக் குரல் மட்டும் சுமப்பதில்லை. 'நான்தான் நிறுத்துனேன்', 'பம்பைத்தான் நிறுத்துனேன்', 'பம்பை நிறுத்துனது நானில்லை' என்று இடைச்சொல்லும் சொல்வரிசையும் பார்த்துக்கொள்கின்றன. 'தான்' போலவே அழுத்தம் தரும் ஏகாரத்துக்குப் பிரிநிலை (பிரித்துக் காட்டுதல்), தேற்றம் (உறுதி) என்ற பொருள்கள் உண்டு என்று தொல்காப்பிய இடையியல் அன்றே வகுத்துவிட்டது. நாம் ஆங்கிலம் பேசும்போது அந்தத் 'தான்' உதிர்ந்துபோகிறது. இல்லையென்றால் 'ஒன்லி'யாக வந்து நிற்கிறது. 'ஹி ஒன்லி ஸ்டாப்ட் இட்' என்றால் நமக்கு 'அவர்தான் நிறுத்தினார்'. வெளிநாட்டவர் காதிலோ, 'நிறுத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை' என்று விழலாம். இலக்கணத்தில் பிழையில்லை, பழி மட்டும் இடம் மாறிவிடுகிறது.

சுருதி மாறியதால் மனிதர்களின் குணத்தையே தப்பாக எடைபோட்டதும் உண்டு. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் 1982இல் வெளிவந்த நூலில் ஒரு நிகழ்வை விவரிக்கிறார். பிரிட்டனின் விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் பரிமாறிய இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் கடுகடுப்பானவர்கள் என்று புகார். இறைச்சியோடு குழம்பு வேண்டுமா என்று கேட்க அவர்கள் சொன்ன 'கிரேவி' என்ற ஒற்றைச் சொல், இறங்கு சுருதியில் முடிந்தது. ஆங்கிலேயர் அதையே ஏற்றத்தில் கேட்பார்கள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகே இரு தரப்புக்கும் விஷயம் புரிந்தது. அதுவரை அந்தப் பெண்கள் சுமந்த கெட்ட பெயர் அநியாயமானது.

ஐடிஐ வகுப்புகளிலும் ஆலைப் பயிற்சிகளிலும் இந்தக் குரல் ஏற்ற இறக்கத்தைப் பழக நேரம் ஒதுக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'தான்' எங்கே ஒட்டுகிறதோ, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் குரலை ஏற்றி, மிச்சத்தைத் தாழ்த்துங்கள். விபத்து விசாரணை என்று வந்தால், தமிழிலேயே வாக்குமூலம் தரத் தயங்காதீர்கள்.