புது டி.வி.யின் முதல் மாலை

ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளி போனஸிலோ புது டி.வி. வீட்டுக்கு வந்துவிடுகிறது. கம்பெனி ஆள் சுவரில் துளை போட்டு மாட்டி, தன் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து யூடியூபில் ஒரு பாட்டை ஓடவிட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதன்பிறகு ரிமோட், வீட்டில் இருப்பவர்களிலேயே இளையவர் கைக்குப் போகும். டி.வி. கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் ஓகே, ஓகே என்று அழுத்தி, கொஞ்ச நேரத்தில் அவர் படத்தை வரவழைத்துவிடுவார். அடுத்த ஐந்தாறு வருடத் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேதான் முடிவாகின்றன. எத்தனை இன்ச், எந்த பேனல் என்று வாரக்கணக்கில் விசாரித்து வாங்குகிறவர்கள்கூட இந்த முதல் மாலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை.

2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, கேபிள் வயரைச் செருகினால் வேலை முடிந்தது. இன்றைய டி.வி.க்கு வைஃபை வேண்டும், மெயில் ஐ.டி. வேண்டும், செல் நம்பர் வேண்டும், மாதாமாதம் பணம் எடுக்க அனுமதி வேண்டும்.

முதலில் வைஃபை. நம் வீடுகளில் ஃபைபர் இணைப்பு எந்த ஜன்னல் வழியாக வந்ததோ, அந்த ஜன்னல் ஓரத்திலேயே ரூட்டர் தொங்கும். அது பெரும்பாலும் பெட்ரூமாக இருக்கும்; டி.வி. ஹாலில் இருக்கும், நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு எட்டும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். வைஃபை பெயரின் கடைசியில் '5ஜி' என்று தெரிவது இதுதான். செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரூட்டரை ஹாலுக்கு மாற்ற முடிந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் ஒரு லேன் வயரை இழுத்துவிடுவது உத்தமம்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புகார் செய்தால், பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கு இது: முழு எச்.டி. படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். போதும். பல டி.வி.களில் உள்ள லேன் துளையே 100 எம்.பி.பி.எஸ்.தான் தாங்கும், அதுவே தாராளம். ஆக, 40 எம்.பி.பி.எஸ். பிளான் இருக்கும் வீட்டில் படம் தடுமாறினால், குற்றம் பெரும்பாலும் தெருக் கம்பத்திலும் இல்லை, பிளானிலும் இல்லை. ரூட்டருக்கும் டி.வி.க்கும் நடுவே உள்ள அந்த இருபது அடியில் இருக்கிறது.

பழைய டி.வி. வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. திரை பத்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. 2010, 2011-இல் வந்த சில சாம்சங் டி.வி.களில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரை நன்றாக இருந்தால் டி.வி.யைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் போதும். ஒரே எச்சரிக்கை: ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காதீர்கள். கூடவே வந்த அடாப்டரைப் பயன்படுத்துங்கள். பாதிப் படத்தில் ஸ்டிக் அணைந்து எழுவதற்குப் பல வீடுகளில் காரணம் இந்தச் சோம்பேறித்தனம்தான்.

இனி, முதல் மாலையில் டி.வி. கேட்கும் அந்தக் கேள்விகள். வரிசையாக வரும் ஒப்பந்தங்களில் ஒன்றிரண்டு கட்டாயம், ஏற்காமல் டி.வி. நகராது. மீதியெல்லாம் விருப்பம்தான், ஆனால் 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்ற பொத்தானைத்தான் பெரிதாக வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்று நீங்கள் பார்ப்பதைக் கவனிக்க அனுமதி கேட்கும். ஆப்பில் பார்ப்பதை மட்டும் என்று நினைக்காதீர்கள். திரையில் தெரியும் படத்திலிருந்து துணுக்குகளை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு, செட்டாப் பாக்ஸ் வழியாக என்ன ஓடுகிறது என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிடும் வித்தை இது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டி.வி.களில் இதைச் சரியாகச் சொல்லாமலே செய்து மாட்டிக்கொண்டு, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. சாம்சங்கில் இது 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்'. வேண்டாம் என்று சொன்னால் எந்தப் படமும் நின்றுபோகாது. தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது யாருடைய கணக்கு என்பது. கல்லூரிப் பையன் தன் கூகுள் கணக்கிலேயே டி.வி.யைத் திறந்துவிடுவான். அப்போது வசதிதான். அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபின், இங்கே அப்பா ஓ.டி.டி.யைத் திறக்கும்போதெல்லாம் ஓ.டி.பி. அங்கே அவன் போனுக்குப் போகும். அவன் மீட்டிங்கில் இருப்பான். அம்மா பார்த்த கோலமும் சுண்டல் குழம்பும் அவன் யூடியூபில் வந்து நிற்பது தனிக் கதை. வீட்டோடு இருப்பவர் ஒருவரின் நம்பரில், டி.வி.க்கென்றே ஒரு கணக்கைத் தொடங்கிவிடுவது நல்லது. பாஸ்வேர்டை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தவிக்கவும் வேண்டாம். திரையில் வரும் கியூ.ஆர். கோடையோ எண்ணையோ போனில் கொடுத்தால் டி.வி. தானே திறந்துகொள்ளும்.

காசு விஷயத்தில் இரண்டு செய்திகள். செல்போன் ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓ.டி.டி.களில் சில, போனில் மட்டுமே ஓடும். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளானும் டி.வி.யில் வராது. 'டி.வி.யிலும் பார்க்கலாமா' என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டாவது, தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே. ரிசர்வ் வங்கி விதிப்படி, பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கத் தேவையில்லை. அந்த எஸ்.எம்.எஸ்.ஸை நாம் படிப்பதில்லை, பணம் போய்க்கொண்டே இருக்கிறது. ஆப்பை டி.வி.யிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து அங்கே ரத்து செய்யுங்கள். 'ஆயிரம் சேனல், வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆப்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை: அது திருட்டு, உள்ளே வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் பின் நம்பர் போடும் வேலையையும் அன்றே முடித்துவிடுங்கள். 13 வயதும் அதற்கு மேலும் என்று வகைப்படுத்திய படைப்புகளுக்குப் பெற்றோர் பூட்டு தரவேண்டும் என்று 2021 விதிகள் ஓ.டி.டி. நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. பூட்டு இருக்கிறது, பூட்டுவது நம் பாடு.

இதையெல்லாம் முடித்துவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தால், எழுபது எம்.எம். கனவில் எடுத்த படம் மெகா சீரியல் மாதிரித் தெரியும். டி.வி. பழுதில்லை. சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது, டி.வி. தன் இஷ்டத்துக்கு நடுவே புதுப் படங்களை இட்டு நிரப்பி அசைவை வழுவழுப்பாக்குகிறது. எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று ஆளுக்கொரு பெயர். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே 2018-இல் ஒரு வீடியோ போட்டு இதை அணைத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பல டி.வி.களில் இப்போது 'ஃபிலிம்மேக்கர் மோட்' வருகிறது. அதைப் போட்டால் இந்த ஒப்பனைகள் விலகிவிடும். முதலில் மங்கலாகத் தோன்றும், கண் பழகிவிடும். கிரிக்கெட்டுக்கு மட்டும் வழுவழுப்பு இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

கிரிக்கெட் என்றதும் இன்னொன்று. இணையம் வழியாக வரும் நேரலை, கேபிளைவிடப் பல நொடிகள் பிந்தியே வரும். பக்கத்து வீட்டுக் கூச்சலைக் கேட்டபிறகுதான் உங்கள் திரையில் பந்தே வீசப்படும். இதைச் சரிசெய்ய எந்த செட்டிங்கும் இல்லை.

வீட்டில் பாட்டி இருந்தால், அவருக்காக ஒரு கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். டி.வி.யைப் போட்டதும் விளம்பரச் சதுரங்கள் நிறைந்த முகப்புப் பக்கம் வராமல், நேரே செட்டாப் பாக்ஸோ கடைசியாகப் பார்த்ததோ வரும்படி வைக்கும் வசதி பெரும்பாலான டி.வி.களில் உண்டு. எச்.டி.எம்.ஐ. கட்டுப்பாட்டை இயக்கிவிட்டால் செட்டாப் பாக்ஸ் ரிமோட் ஒன்றே போதும்படி செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.டி. வந்துவிட்டதே என்று கேபிளை உடனே வெட்டிவிடாதீர்கள். அவர் பார்க்கும் சேனல்கள் ஆப்பில் நேரலையாக வருகின்றனவா, வந்தால் எந்தச் சந்தாவில் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல ஊர்களில் ஃபைபர் இணைப்பைத் தருவதும் அதே கேபிள்காரர்தான். இரண்டு வயரும் ஒரே கம்பத்தில்தான் வருகின்றன என்றால், மழைநாளில் இரண்டும் சேர்ந்தே போகும். அதையும் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.