அறுந்த இழையைத் தொடுக்கும் கை

மட்டக்களப்பு வாவிக் கரையிலே, கிழிந்த வலையை மடியில் விரித்து ஊசியால் இழை கோக்கும் மீனவரை நாம் அறிவோம். நம் உடலின் ஒவ்வொரு கலத்துள்ளும் அத்தகைய வேலை ஓயாது நடைபெறுகின்றது. டி.என்.ஏ. என்னும் இழை நாள்தோறும் பல்லாயிரம் இடங்களிற் பழுதுறுகின்றது. விந்தை என்னவெனில், நம்மை வாழ்விக்கும் நீரும் ஒட்சிசனுமே அதனைச் சிதைப்பனவற்றுள் முதன்மையானவை!

இப்பழுது நீக்கத்தை ஆராய்ந்துவருபவருள் ஒருவர் பேராசிரியர் அசோக் வெங்கிட்டராமன். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்று, இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்றவர். பி.ஆர்.சி.ஏ.-2 என்ற பரம்பரையலகு 1995இல் கண்டறியப்பட்டது. அது குறைபட்டால் மார்பகப் புற்றுநோய் வருவானேன் என்பது அப்பொழுது புதிராயிருந்தது. 1998இல் அவர் குழுவினர், அப்பரம்பரையலகு குறைபட்ட சுண்டெலிக் கலங்களை ஆராய்ந்தனர். நிறமூர்த்தங்கள் தாமாகவே முறிந்து கிடந்தன. இழையைத் தொடுக்கும் ஊசி ராட்-51 என்னும் புரதமெனில், அவ்வூசியை முறிந்த இடத்திற் கொண்டு சேர்க்கும் கை, பி.ஆர்.சி.ஏ.-2 ஆக்கும் புரதமாகும்.

தாயின் நோயே மகளைச் சேருமென நம்மவர் எண்ணுவர். குறைபட்ட பிரதியைத் தந்தையும் சுமக்கலாம். மகனாயினும் மகளாயினும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. ஆதலின், வைத்தியர் குடும்ப வரலாறு கேட்கும்பொழுது, தந்தையுடன் பிறந்த மாமியையும் தந்தையைப் பெற்றவளையும் மறவாது சொல்லுதல் வேண்டும்.