நேற்றைய தயிரும் இன்றைய பாலும்: நினைப்பு எப்படித் தோய்கிறது?

காய்ச்சி ஆறவைத்த பால் தானாக நல்ல தயிர் ஆகிவிடாது. விரல் பொறுக்கும் சூடு இருக்கும்போதே, முந்தின நாள் தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கலக்க வேண்டும். அந்த ஒரு ஸ்பூனில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஏற ஏற, பாலில் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலை பின்னுகிறது. விடிந்து பார்த்தால் தயிர் கெட்டியாகத் தோய்ந்திருக்கிறது.

பால் இன்றைக்குக் கறந்தது. தயிரின் குணத்தில் பெரும்பங்கு நேற்றையது. உறைமோர் அளவுக்கு மீறிப் புளித்திருந்தால் இன்றைய தயிரும் சீக்கிரம் புளிக்கும். உறைமோர் கொழகொழவென்று நூல் விட்டால், எவ்வளவு நல்ல பசும்பால் வாங்கினாலும் காலையில் நூல்தான். நாளைய பாலுக்கும் அதிலிருந்துதான் ஒரு ஸ்பூன் எடுக்கப் போகிறோம்.

மனத்தில் நினைப்பு உருவாவதும் இப்படித்தான். நமக்கு நடப்பது பால். அதற்கு நாம் கொள்ளும் அர்த்தம் தயிர். முன்பு நாம் கொண்ட அர்த்தங்களே உறைமோர்.

ஐம்பதைக் கடந்த ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மகளுக்குக் கோவையில் வேலை, மகனுக்குப் பெங்களூரில். காலையில் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டியாப்பா?’ என்று அனுப்புகிறார். நீல டிக் விழுந்துவிட்டது. மத்தியானம் வரை பதில் இல்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அவர் மனத்தில் இதற்குள் ‘நான் இனி யாருக்கும் வேண்டாதவள்’ என்று தோய்ந்து கெட்டியாகிவிட்டது. இதை அவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. போன வாரம் மகள் அவசரமாகப் போனை வைத்தபோதும், அதற்கு முன்பு நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் கடைசியாக அழைப்பு வந்தபோதும் தோய்ந்த அதே நினைப்பு, ஒரு ஸ்பூன் அளவு உள்ளே காத்திருந்தது. புதுப் பால் கிடைத்ததும் வேலையைத் தொடங்கிவிட்டது.

யோசிக்காமலே வந்து விழும் இந்த நினைப்புகளை முறையாகக் கவனித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). பிலடெல்ஃபியாவில், ஃபிராய்டு வழி மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று வேலை பார்த்துவந்தார். ஒருமுறை ஒரு பெண் தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பதற்றமாக இருப்பதைக் கண்ட பெக், பேசும் விஷயம்தான் காரணம் என்று கருதினார். அந்தப் பெண்ணோ, நான் பேசுவது உங்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது என்றார். வாய் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, அடியில் வேறொரு நினைப்பு சத்தமில்லாமல் ஓடுகிறது. பதற்றம் அதிலிருந்து வருகிறது. மற்ற நோயாளிகளிடமும் இதைக் கண்ட பெக், அவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்று அழைத்தார். 1960களில் அவர் வளர்த்த சிகிச்சை முறை இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது.

தோய்ந்த தயிரை வெளியிலேயே விட்டுவைத்தால் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்துவதில்லை. புளிப்பு ஏறிக்கொண்டே போகும். நடந்ததையே மனத்துக்குள் திரும்பத் திரும்பப் புரட்டுவதும் அதைத்தான் செய்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர், மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுப் பதிந்து வைத்திருந்தார். அடுத்த இரண்டு வாரங்களில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியை லோமா பிரியட்டா நிலநடுக்கம் உலுக்கியது. பிறகு அதே மாணவர்களைப் பரிசோதித்தார். ‘எனக்கு ஏன் இப்படி இருக்கிறது’ என்று தன் சோர்வையே புரட்டிப் பார்க்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம், பல வாரங்கள் கழித்தும் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. ஆடிய நிலம் எல்லோருக்கும் ஒன்றே.

சரி, அந்த நினைப்பை அமுக்கிவிடலாமே என்று தோன்றும். தோய்ந்த தயிரை யாராலும் மறுபடி பாலாக்க முடியாது. 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் சக ஆய்வாளர்களும் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார்கள். கரடி வந்துகொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. நினைப்பு வந்துவிட்டதா என்று காவல் காப்பதற்கே அந்த நினைப்பை மனம் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ‘அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா’ என்று பிள்ளைகள் சொல்வதில் அன்பு இருக்கிறது, பலன் இருப்பதில்லை.

புளித்த தயிரில் சர்க்கரை கலப்பது இன்னொரு வழி. கண்ணாடி முன் நின்று ‘நான் அன்புக்குரியவள், நான் வெற்றியாளர்’ என்று சொல்லச் சொல்லும் பேச்சாளர்களும் புத்தகங்களும் ஏராளம். இவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. தெம்பாக இருப்பவருக்கு இதனால் கெடுதல் இல்லை. ஏற்கெனவே உடைந்திருப்பவரை இது இன்னும் அழுத்துகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவர்’ என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். சொல்லும்போதே ‘பொய்’ என்று உள்ளிருந்து பதில் வருகிறது. அந்தப் பதில்தான் மிஞ்சுகிறது. சர்க்கரை நாக்குக்கு இனிக்கும். உறை ஊற்ற உதவாது.

உறைமோர் கெட்டுவிட்டால் வீட்டில் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வருவார்கள். மனத்துக்கு அந்தப் புது உறை எங்கே கிடைக்கும்? வாதத்தில் ஓரளவு கிடைக்கும். ‘யாருக்கும் வேண்டாதவள்’ என்பதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன, மகன் பதில் போடாததற்கு வேறு காரணம் இருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது பெக்கின் முறையில் முக்கியமான பகுதி. ஆனால் என் நம்பிக்கை செயலின் மீதுதான் அதிகம். அதற்கு வலுவான சான்றும் உண்டு. 1996இல் வெளியான ஆய்வில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சனும் குழுவினரும், மனச்சோர்வு நோய் கொண்ட சுமார் 150 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பெக்கின் முழுச் சிகிச்சை. ஒரு பிரிவுக்குத் தானியங்கி எண்ணங்களைத் திருத்தும் பயிற்சி வரை. மூன்றாவது பிரிவுக்கு நினைப்பைத் தொடவே இல்லை; விட்டுப்போன வேலைகளையும் உறவுகளையும் திட்டமிட்டு மறுபடி தொடங்க வைத்தார்கள், அவ்வளவே. மூன்றாவது பிரிவும் மற்றவற்றுக்கு இணையாகத் தேறியது. அவர்களுடைய எதிர்மறை நினைப்பும் குறைந்திருந்தது.

செயல் வழியான இந்தச் சிகிச்சை நம் நாட்டிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பின் வழியாக மனநல மருத்துவர் விக்ரம் படேலும் குழுவினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. சிகிச்சை தந்தவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாத முடிவில், இந்த உதவி பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். சற்றே மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர்.

நாம் பார்த்த அந்தத் தாய் இந்தச் செயல் வழியை ஒரு நோட்டில் தொடங்கலாம். பக்கத்தில் மூன்று கட்டம்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன செய்தேன், என்ன நடந்தது. முதல் கட்டத்தில், ‘பழைய ஆபீஸ் சிநேகிதிக்குப் போன் பண்ணினால் ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாள்’ என்று எழுதுகிறார். பேசுகிறார். மூன்றாவது கட்டத்தில், ‘முக்கால் மணி நேரம் பேசினாள். முழங்கால் வலியாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்.’ இதுதான் புது உறை. அவரே தோய்த்தது, பொய் கலக்காதது, உள்ளிருந்து யாரும் மறுக்க முடியாதது. இன்னொரு நாள் எதிர்வீட்டுக்காரர் நிஜமாகவே பாதியில் பேச்சை முறித்துக்கொள்வார். அதையும் எழுத வேண்டும். நல்லதை மட்டும் எழுதும் நோட்டை மனம் விரைவில் நம்பாமல் போகும்.

என்ன செய்வது என்று தேர்ந்தெடுப்பதில்தான் வாழ்க்கை மாறுகிறது. பெக்கின் முறையில் ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு மதிப்பெண் தனித்தனியாகப் போடச் சொல்வார்கள்: எவ்வளவு சந்தோஷம் தந்தது, எவ்வளவு ‘செய்து முடித்தேன்’ என்ற நிறைவைத் தந்தது. மத்தியானம் முழுக்க சீரியல் பார்த்ததற்குச் சந்தோஷம் நான்கு, நிறைவு பூஜ்யம் என்று விழலாம். பரணை ஒழித்ததற்குச் சந்தோஷம் ஒன்று, நிறைவு எட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு இரண்டிலும் ஏழு. இரண்டு வாரம் போட்டால், தனக்கு எது பிடிக்கும் என்று தான் நம்பியதும் உண்மையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது அவருக்கே தெரியவரும்.

புது உறை வாங்கி வந்தால் பழைய பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவிய பிறகே ஊற்றுவார்கள். ஓரத்தில் பழையது ஒட்டியிருந்தால் அதுவும் வளரும். பழக்கத்துக்கு இடமும் நேரமுமே பாத்திரம். வென்டி வுட் என்ற உளவியலாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாறிய மாணவர்களில், சூழல் மாறியவர்களிடம் பழைய வழக்கங்கள் கலைந்தன. சூழல் மாறாதவர்களிடம் அப்படியே ஓடின. அந்தத் தாய்க்குப் புழுக்கமான நினைப்புகள் வருவது மத்தியானம், ஹாலில் அதே நாற்காலியில், போனைக் கையில் வைத்திருக்கும்போது. ஊர் மாற வேண்டாம். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, போனை உள்ளறையில் சார்ஜில் போடலாம். கூடவே ஒரு முன்முடிவு: மூன்று மணி டீ குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடப்பேன். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று இடமும் நேரமும் சேர்த்து முடிவு செய்பவர்கள் அதை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ‘இனிமேல் நடக்கணும்’ என்ற தீர்மானத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

எவ்வளவு கழுவினாலும் பழையது முற்றிலும் போகாது. மார்க் பவ்டன் என்ற ஆய்வாளர், எலிகள் ஒரு பெட்டியில் கற்ற பயத்தை வேறொரு பெட்டியில் தணித்தார். முதல் பெட்டிக்குத் திரும்பியதும் பயம் திரும்பியது. பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் புதிய பாடம் படிகிறது. ஆகவே தீபாவளிக்குப் பிள்ளைகள் வந்து போன மறுநாள் அதே ‘வேண்டாதவள்’ திரும்பி வந்தால், செய்ததெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. பழைய இடத்தில் பழையது தலைகாட்டுகிறது. அன்றைக்கும் டீக்குப் பிறகு செருப்பைப் போட வேண்டும்.

சூடும் முக்கியம். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த பாலில் ஊற்றினால் அது அசையாது. ‘உனக்கு அறிவே கிடையாது, ஒரு நாள்கூட ஒழுங்கா நடக்கலை’ என்று தன்னைத் தானே வறுத்தெடுப்பவரிடம் எந்தப் புதுப் பழக்கமும் பிழைப்பதில்லை. தினமும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளுபவரிடமும் தோய்வதில்லை. உறை ஊற்றிய பாத்திரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டிப் பார்ப்பதும் கூடாது; மாறிவிட்டேனா என்று மனத்தை அடிக்கடி சோதிப்பதும் அப்படித்தான்.

எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், புதிய முகத்துக்குப் பழகத் தம் நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆவதாக 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்பது வழியில் உதிர்ந்துபோனது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். புதுச் செயல் ஒன்று பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து, கவனித்த காலத்தையும் தாண்டி, 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். நடுவே ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. அவர்கள் அளந்தது சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற எளிய செயல்களை. முப்பது வருட நினைப்பு அதைவிடச் சீக்கிரம் மாறும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

தண்ணீர் கலந்த பாலில் எந்த உறை ஊற்றினாலும் கெட்டித் தயிர் வராது. கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டிலும், கணவன் கை ஓங்கும் வீட்டிலும், சம்பளம் மூன்று மாதமாக வராத வேலையிலும் இருப்பவரிடம் ‘உன் எண்ணத்தை மாற்று’ என்பது கொடுமை. அங்கே மாற வேண்டியது நிலைமை. நோட்டின் மூன்று கட்டம் அவருக்கும் உதவலாம். ஆனால் வக்கீலும் காவல் நிலையமும் சங்கமும் செய்ய வேண்டிய வேலையை அது செய்யாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், தனியாக நோட்டோடு போராட வேண்டாம். அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாகத் தூங்கியது எப்போது என்பதைச் சொல்லி ஆரம்பிக்கலாம்.