நான்கு மில்லி ஆம்பியர் என்றால் பூஜ்யம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பூஜ்யம் என்பது வாழ்வா சாவா என்ற எண். சாயக்கழிவு ஒரு சொட்டுகூட நொய்யல் ஆற்றில் கலக்கக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஓட்டமானிகளும் பி.எச். மானிகளும் அத்தனை முக்கியமானது இதனால்தான்.

குழாயில் இருக்கும் மானி, தான் கண்டதைத் தூரத்திலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டு கம்பிகள் வழியே சொல்ல வேண்டும். அதை மின்னழுத்தமாகச் சொல்வதா, மின்னோட்டமாகச் சொல்வதா?

மின்னழுத்தமாக, 0 முதல் 10 வோல்ட் வரை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். உப்பும் ஈரமும் நிறைந்த இடம். கம்பி இணைப்பு ஒன்று அரித்து 300 ஓம் மின்தடை கூடிவிட்டது. வாங்கும் கருவியின் உள்தடை 10,000 ஓம் என்றால் 10 வோல்ட் போய்ச் சேரும்போது 9.7 ஆகிவிடும். மூன்று சதவீதம் வழியிலேயே காணாமல் போகிறது, யாருக்கும் தெரியாது.

மின்னோட்ட மூலம் வேறு விதம். வட்டப் பின்னல் இயந்திரத்தின் பாசிட்டிவ் ஃபீடர், கோனிலிருந்து நூல் இறுக்கமாக வந்தாலும் தளர்வாக வந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரே நீளத்தை அளந்து ஊட்டுகிறதல்லவா, அதுபோல. 20 மில்லி ஆம்பியர் என்று முடிவானால் அதே 300 ஓம் குறுக்கே நின்றாலும் 20 மில்லி ஆம்பியர்தான் போகும். தடையில் 6 வோல்ட் செலவாகும்; வாங்கும் முனையின் 250 ஓம் மின்தடை வழக்கம்போல் 5 வோல்ட் காட்டும். மின்வழங்கி 24 வோல்ட் என்றால் மானிக்கு இன்னும் 13 வோல்ட் மிச்சம்.

இதைச் செய்வது ஒரு டிரான்சிஸ்டர். பேஸை 2.65 வோல்ட்டில் நிறுத்தினால் எமிட்டர் ஏறக்குறைய 2 வோல்ட்டில் நிற்கும். எமிட்டருக்குக் கீழே 100 ஓம் இருந்தால் ஓடுவது 20 மில்லி ஆம்பியர். கலெக்டரில் 5 வோல்ட் இருந்தாலும் 15 வோல்ட் இருந்தாலும் இந்த அளவு அதிகம் அசையாது. அப்படியானால் பேஸை அசையாமல் பிடித்திருப்பது எது? ஒரு மின்னழுத்த மூலம்! நல்ல மின்னோட்ட மூலத்தின் உள்ளே நல்ல மின்னழுத்த மூலம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வெப்பத்தில் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்குவதால், தொழிற்சாலைக் கருவிகளில் ஓர் ஆப்-ஆம்ப் எமிட்டரைக் கவனித்துத் திருத்திக்கொண்டே இருக்கும்.

திருப்பூருக்கு இதைவிடப் பெரிய பயன் அளவுகோலின் தொடக்கத்தில் இருக்கிறது. உலகெங்கும் வழங்கும் முறை 4 முதல் 20 மில்லி ஆம்பியர். குழாயில் கழிவின் ஓட்டமே இல்லை என்றால் 4. முழு அளவு என்றால் 20. மின்னழுத்த முறையில் கம்பி அறுந்தாலும் பூஜ்யம், கழிவு வெளியேறாவிட்டாலும் பூஜ்யம். சட்டம் கேட்கும் எண்ணும் பழுது காட்டும் எண்ணும் ஒன்றாகிவிடும். மின்னோட்ட முறையில் அறுந்த கம்பி 0 மில்லி ஆம்பியர் காட்டி உடனே மாட்டிக்கொள்ளும்.

வேண்டுமென்றே பொய்யாக 4 மில்லி ஆம்பியர் செலுத்துபவரை இந்தச் சுற்று பிடிக்காது. அதற்கு நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வாளர்தான் வேண்டும். ஆனால் பழுதடைந்த மானியை மாற்றும் பராமரிப்புப் பணியாளர்கள் விலை குறைவு என்று 0–10 வோல்ட் கருவியை வாங்கிவிட வேண்டாம். 4–20 கேட்டு வாங்குங்கள்.