இஸ்திரி பெட்டி கரண்டில் 3 ஆயிரம் கி.மீ. ஓடும் சோலார் கார்: மாணவர்களே பாடி கட்டுவது எப்படி?

பெட்ரோல் கிடையாது. டீசல் கிடையாது. மேலே பதித்த சோலார் பலகையில் விழும் வெயில்தான் எரிபொருள். அதை மட்டுமே நம்பி ஆஸ்திரேலியாவின் வடக்கு கோடியில் உள்ள டார்வின் நகரில் இருந்து தெற்கே அடிலெய்டு வரை 3 ஆயிரம் கி.மீ. தூரம் கார் ஓட்டுகிறார்கள் கல்லூரி மாணவ-மாணவிகள்.

1987-ம் ஆண்டு தொடங்கிய இந்த சோலார் கார் பந்தயத்தில் கில்லாடிகள், நெதர்லாந்து நாட்டின் டெல்ப்ட் தொழில்நுட்ப பல்கலைக்கழக மாணவர்கள். 2001-ல் முதல் முறை கலந்து கொண்டபோதே கோப்பையை தட்டினார்கள். இதுவரை 8 முறை ஜெயித்து இருக்கிறார்கள். படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிட்டு இரவு பகலாக காரை கட்டுவது இவர்களது வழக்கம்.

ஒரு இஸ்திரி பெட்டி சக்தி

2017, 2019, 2023 பந்தயங்களில் காரின் மேல் 4 சதுர மீட்டர் சோலார் பலகைக்குத்தான் அனுமதி. உச்சி வெயிலில் கூட அதில் இருந்து கிடைப்பது சுமார் ஆயிரம் வாட். அதாவது வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரி பெட்டி இழுக்கிற கரண்ட்! சாதாரண ஸ்கூட்டர் என்ஜின் சக்தியில் 6-ல் ஒரு பங்கு கூட தேறுவது கஷ்டம்.

இதை வைத்து மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். என்ன செய்வது? சக்தியை கூட்ட முடியாது. செலவைத்தான் குறைக்க முடியும். அங்குதான் பாடி வேலை வருகிறது.

காற்றுதான் எதிரி

வேகம் 2 மடங்கு ஆனால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்கு ஆகும். அதனால் காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி மீன் போல உடம்பு வேண்டும். எடையும் குறைய வேண்டும். டிரைவர் இல்லாமல் 200 கிலோவுக்குள், அதாவது ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் எடைக்குள் கார் முழுவதும் அடங்கிவிடுகிறது.

தகரத்தில் இது நடக்காது. எனவே கார்பன் பைபர் துணியை பயன்படுத்துகிறார்கள். முதலில் கம்ப்யூட்டரில் வடிவம் போடுகிறார்கள். அதே வடிவத்தில் எந்திரம் மூலம் பெரிய அச்சு செதுக்கப்படுகிறது. பிறகு உப்புத்தாள் போட்டு நாள் கணக்கில் தேய்க்கிறார்கள். அச்சில் மேடு பள்ளம் இருந்தால் அது அப்படியே காரிலும் வந்துவிடும். சின்ன மேடு கூட காற்றின் ஓட்டத்தை கலைத்துவிடும்.

அடுத்து பசை ஊறிய கார்பன் துணியை ஒவ்வொரு அடுக்காக அச்சில் ஒட்டுகிறார்கள். நடுவில் தேன்கூடு போன்ற லேசான பலகையை வைக்கிறார்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். பிறகு பெரிய அடுப்பில் சூடேற்றினால் பசை இறுகி பாடி ரெடி!

இதில் கொஞ்சம் பிசகினாலும் அவ்வளவுதான். அடுக்குக்குள் காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடம் பலவீனமாகி பிளந்துவிடும். அந்த மெல்லிய ஓட்டுக்குள் உட்கார்ந்து ஓட்டப்போவது அவர்களில் ஒருவர்தான். 50 மீட்டருக்கும் நீளமான ராட்சத லாரிகள் எதிரே வரும் ரோடு அது. அவை கடந்து போகும்போது அடிக்கும் காற்றே லேசான காரை ஆட்டிவிடும். அதனால் டிரைவரை சுற்றி பலமான கூண்டும் வைக்கிறார்கள்.

கடைசி நாளில் தீ

அந்த ஆபத்து 2019-ல் நேரிலேயே தெரிந்தது. முன்னணியில் ஓடிய நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழக கார், பலத்த காற்று தள்ளியதில் ரோட்டை விட்டு வெளியே போனது. அடுத்து முதலிடத்துக்கு வந்தது டெல்ப்ட் கார். கடைசி நாள். அடிலெய்டுக்கு இன்னும் சுமார் 260 கி.மீ.தான். அப்போது காரில் தீப்பிடித்தது!

டிரைவர் காயமின்றி வெளியே வந்துவிட்டார். ஆனால் ஒரு வருட உழைப்பு கண் முன்னே எரிந்து போனது. பின்னால் வந்த பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக மாணவர்கள் முதல் முறையாக கோப்பையை வென்றார்கள். கொரோனாவால் 2021 பந்தயம் ரத்தானது. 2023-லும் பெல்ஜியமே ஜெயித்தது.

டெல்ப்டில் வேலை நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் புது மாணவர்கள் வந்து, புது அச்சு, புது பாடி என்று முதலில் இருந்து தொடங்கினார்கள். 2025 ஆகஸ்டில் நடந்த பந்தயத்தில் அவர்களது 'நூனா 13' கார் முதலிடம் பிடித்தது. 2017-க்கு பிறகு 8 ஆண்டுகள் கழித்து கோப்பை டெல்ப்டுக்கு திரும்பியது.