கத்தியைக் கேட்காத மண்டோர்

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவியவர்களுக்கு மண்டோரின், அதாவது வேலையைக் கண்காணிப்பவரின், வருகை மறந்திருக்காது. நிரையில் நடந்து வருவார், ஏதாவது ஒரு மரத்தருகே நின்று வெட்டுக்கோட்டில் விரலை ஓட்டுவார். வெட்டு மேலாக இருந்தால் பால் குறையும். மயிரிழை ஆழம் கூடினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கத்தி எங்கே வாங்கினாய், முன்பு எந்தத் தோட்டம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

அந்தத் தோட்டங்களில் பல இப்போது செம்பனை. சீவியவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் கணினி நிரல் எழுதுகிறார்கள். படிக்க ஈப்போவிலேயே 1969இல் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது, கம்பாரில் யுடார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலைதான் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ. இடிஎஸ் ரயிலேறி இரண்டரை மணி நேரம் போய் நேர்காணலில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "எதில் செய்தீர்கள்?" பிஎச்பி என்றால் ஒரு முகம், விஷுவல் பேசிக் என்றால் இன்னொரு முகம். ரியாக்ட் என்றதும் மேலாளர் நிமிர்ந்து உட்காருகிறார்.

நிரல்மொழியை வைத்து ஆளை எடைபோடும் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. ஜாவா வேலைக்கு வருபவர்களைவிடப் பைத்தான் வேலைக்கு வருபவர்கள் கெட்டிக்காரர்கள் என்று 2004இல் எழுதினார் அமெரிக்க நிரலாளர் பால் கிரகாம். அன்று பைத்தானுக்கு வேலை அதிகம் இல்லை, ஆசைப்பட்டவர்தான் படித்தார் என்பது அவர் கணக்கு. இன்று பள்ளிப்பிள்ளைகூடப் பைத்தான் படிக்கிறது. காரணம் போய்விட்டது, முத்திரை மட்டும் நிற்கிறது. அதே 2004இல்தான் ஃபேஸ்புக் பிஎச்பியில் பிறந்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பழைய மொழிக்காரர் என்ற இளக்காரம் எவ்வளவு நாள் தாங்கும்? கோபோல் 1959இல் உருவான மொழி. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அவற்றைக் கையாண்ட பழைய கணினிகளுக்காக, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூ ஜெர்சி ஆளுநரே கேட்கவேண்டி வந்தது.

மேலாளருக்கும் அவசரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கே ஆள் வேண்டும், பழக்க நேரமில்லை. ஆனால் நல்ல நிரலாளருக்குப் புது மொழி சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்கும் கண்ணுக்குத்தான் வருடங்கள் ஆகும், அதை விண்ணப்பத்தில் எழுத இடமில்லை.

எனவே ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் பிள்ளையிடம் பழுதான ஐம்பது வரி நிரலைக் கொடுங்கள், பிடித்த மொழியிலேயே சரிசெய்யட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரம் போதும்.